சில்லும் வில்லும்

வானொலி அலைகளின் துணைகொண்டு தூரத்தே நின்று ஓட்டப்படும் சிறு மோட்டார் வண்டிகளைக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளிற் காணும் பெரியோர், "விளையாட்டுச் சாமான்" என்ற ஒரு சொல்லால் அவற்றைத் தள்ளிவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். அவற்றுட் பெரும்பாலானவை அவ்வாறு தள்ளத்தக்கவையே என்பதை நானும் மறுப்பதற்கில்லை. பொத்தானை அழுத்தினால் ஓடும். சுவரில் மோதினால் உடையும். உடைந்தாற் குப்பைக்குப் போகும். ஆனால் அதே இனத்தில் மற்றொரு வகை உண்டு. கல்லும் மேடும் பள்ளமும் நிறைந்த மண் தரையிற் பந்தயம் ஓடுவதற்கென்றே ஆக்கப்படுபவை அவை. அவற்றின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றலாம், பூட்டலாம், தேய்ந்ததை மாற்றலாம், தரைக்கு ஏற்றவாறு திருத்தலாம். திருத்தத் தெரியாதவன் கையில் அவை மிக மோசமான வண்டிகள்.

அத்தகைய வண்டி ஒன்று 2024 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் உரும்பிராயிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஜேர்மனியில் 2022 இற் காலமான என் தமையனாரின் வண்டி அது. அவருடைய இரண்டாம் ஆண்டுத் திவசத்தை அவர் பிறந்த வீட்டிலேயே செய்ய வேண்டுமென்று அண்ணியார் வந்தபோது, உடன் வந்த பதினான்கு வயதுப் பெறாமகன் அதைத் தன் உடுப்புகளுக்கு நடுவே சுற்றிப் பத்திரமாகக் கொணர்ந்திருந்தான். அவனுக்குப் பேச்சுத் தமிழ் வரும், எழுத்து வராது. எனக்கோ ஜேர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆதலால், அவன் இங்கு தங்கிய ஐந்து கிழமைகளிலும் எங்கள் இருவருக்கும் இடையே நடந்த சம்பாஷணையிற் பெரும்பகுதி அந்த வண்டியைப் பற்றியதாகவே அமைந்தது.

தமையனார் சிறு வயதிலேயே குறடும் திருப்புளியும் பிடித்துப் பழகியவர். பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதிருந்த 1990களில், யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்று சொன்னால் இன்றைய மாணவர் கதை என்றே எண்ணுவர். சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை அயல்வீட்டுக் காரிற் பழகியவர் அவர். 1996 இல் நாட்டை விட்டுச் சென்று, ஜேர்மனியில் ஒரு மோட்டார்த் திருத்தகத்தில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனையும் இந்த வண்டியையும் கொண்டு பந்தயத்துக்குப் போய்விடுவார் என்று அண்ணியார் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலிற் பழைய சலிப்பும் இருந்தது.

வண்டி எத்தகையது என்பதைக் கூறிவிடுகிறேன். உண்மையான மோட்டார் வண்டியிற் பத்திலொரு பங்கு அளவானது. நிறை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். பின்சில்லுகள் இரண்டையும் ஒரு மின்மோட்டார் சுழற்றுகிறது. உயர்தர வகுப்பிற் பௌதிகம் கற்பிக்கும் எனக்கு முதலிற் கண்ணிற் பட்டது இந்த அளவுக் கணக்குத்தான். நீள அகல உயரங்கள் பத்திலொன்றானால் கனவளவு ஆயிரத்திலொன்றாகும். ஒன்றரைத் தொன் வண்டி ஒன்றரைக் கிலோவாகிவிடும். ஆனால் வண்டியோடு சேர்ந்து பாதை சுருங்குவதில்லை. எங்கள் தோட்டத்திற் கிடக்கும் மூன்று அங்குல மண்கட்டி நமக்கு மண்கட்டி. அந்த வண்டிக்கு அது முப்பது அங்குல மதில். அதன்மேல் வேகமாக ஏறிப் பாய்ந்து, தரையில் விழுந்து, குடைசாயாமல் அடுத்த வளைவைப் பிடிக்க வேண்டும். இந்தப் பொறுப்பு முழுவதும் சில்லுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் நிற்கும் வில்லையும் சொக் அப்சோபரையும் சார்ந்தது.

வில்லின் இயல்பை எல்லோரும் அறிவர். சில்லு மேட்டில் ஏறும்போது வில் சுருங்கிச் சத்தியை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை வைத்திருக்க அதற்குத் தெரியாது. மறுகணமே திருப்பிக் கொடுத்துவிடும். வில் மட்டும் இருந்தால், தள்ளிவிட்ட ஊஞ்சல் போல வண்டி நெடுநேரம் ஆடும். அந்தச் சத்தியை வாங்கிச் செலவழித்துவிட ஒருவர் வேண்டும். சுட்டுவிரற் பருமனுள்ள ஓர் அலுமினியக் குழாய். அதனுள் சிலிக்கோன் எண்ணெய். எண்ணெய்க்குள் மேலும் கீழும் போய்வரும் ஒரு தண்டு. தண்டின் முனையில் இரண்டு நுண்துளைகளையுடைய ஒரு வட்டத் தட்டு. சொக் அப்சோபர் என்பது இவ்வளவே. தட்டு அசைய வேண்டுமாயின் எண்ணெய் அத்துளைகளினூடே நெருங்கிப் புகுந்து செல்ல வேண்டும். அந்த நெருக்கடியிற் சத்தி வெப்பமாகிப் போய்விடுகிறது. தணிந்த அலைவு என்று நாம் வகுப்பிற் கற்பிப்பது இதனையே. அலையின் உயரம் படிப்படியாகக் குறையும் அந்த வளைகோட்டை மாணவர் மிக அழகாக வரைந்து முழுப் புள்ளியும் பெறுகின்றனர். அதனை விரல் நுனியால் உணர்ந்தவர் எத்தனை பேர் என்ற வினா எந்தப் பரீட்சையிலும் வருவதில்லை.

இவ்வகை வண்டிகளின் வரலாறு நீண்டதன்று. யப்பானிற் சிசுவோக்கா நகரிலுள்ள தமியா நிறுவனம் தனது முதலாவது வானொலி மோட்டார் வண்டியை 1976 இல் வெளியிட்டது; அது சமதரைக்கு உரியது. 1979 இல் மணலிலும் மேட்டிலும் ஓடத்தக்க வண்டிகளை அதுவே கொணர்ந்தது. 1984 இல் வெட்டுக்கிளியின் பெயரிட்டு அது விற்ற மலிவான வண்டி, உலகெங்கும் எத்தனையோ சிறுவர்களின் முதல் வண்டியாயிற்று. அதில் பின்சில்லு இரண்டும் ஒரே அச்சிற் கட்டுண்டவை. ஒன்று கல்லில் ஏறினால் மற்றதும் சரியும். அதே 1984 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து ஆர்.சி. 10 என்ற வண்டி வந்தது. பொன்னிற அலுமினியத் தட்டு. நான்கு சில்லுகளும் தனித்தனியே ஏறி இறங்கும். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் நிரப்பிய சொக் அப்சோபர். மறு ஆண்டு நடந்த முதலாவது உலகப் போட்டியில், இரு சில்லுகளால் உந்தப்படும் வண்டிகளின் பிரிவில் அதுவே வென்றது. தமையனாரின் வண்டி பல தலைமுறை பிந்தியதாயினும், அடிப்படை அமைப்பு அதுதான்.

வந்த இரண்டாம் நாள் தோட்டத்து ஓரத்தில் ஓடுபாதை ஒன்று அமைத்தோம். வாழைக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலின் வரம்புகள் பாயும் மேடுகளாயின. வளைவுகளுக்குப் பனங்கொட்டைகளை அடுக்கினோம். சோளகக் காற்றிற் செம்மண் புழுதி பறக்க வண்டி ஓடியது. ஓடியது என்பதினும் துள்ளியது என்பதே பொருந்தும். வரம்பிலிருந்து இறங்கியதும் இரண்டு மூன்று முறை பந்துபோல் எழும்பி, வலப்பக்கம் சரிந்து, பனங்கொட்டைகளைச் சிதறடித்து நின்றது. தூக்கிப் பார்த்தேன். பின் வலப்புறச் சொக் அப்சோபரின் அடியில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. தண்டை விரலால் அமுக்கினால் தடையெதுவுமின்றி உள்ளே போயிற்று. மற்றைய மூன்றும் சற்றே பரவாயில்லை, அவ்வளவுதான்.

"தம்பி, இதுக்கு எண்ணெய் மாத்த வேணும்" என்றேன்.

அவன் வண்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"வேண்டாம் சித்தப்பா. அது அப்பா விட்ட எண்ணெய்."

அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அண்ணியார் விபரம் சொன்னார். வைத்தியசாலைக்குப் போவதற்கு முந்திய ஞாயிறு தமையனார் அடுத்த பந்தயத்துக்கென்று நான்கிலும் எண்ணெய் நிரப்பி வைத்தாராம். அந்தப் பந்தயத்துக்கு ஒருவரும் போகவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவை திறக்கப்படவுமில்லை.

எண்ணெயைத் தொடாமற் செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருந்தன. அவற்றைத் தொடங்கினோம். சில்லைத் தாங்கும் கை ஒவ்வொன்றும் கதவின் பிணைச்சல் போன்ற ஓர் உருக்கு ஊசியிற் சுழல்கிறது. அது தடையின்றிச் சுழல்கிறதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. சொக் அப்சோபரின் கீழ்முனையைக் கழற்றி விட்டு, கையை உயர்த்தி, விட்டுவிட வேண்டும். தன் பாரத்தாலேயே அது கீழே விழ வேண்டும். எங்கள் வண்டியின் முன் இடக்கை பாதி வழியில் நின்றுகொண்டது. இப்படி ஒரு கை இறுகியிருக்கையில் வில்லையோ எண்ணெயையோ மாற்றுவதாற் பயனில்லை; காய்ச்சல் எங்கே என்று பாராமல் மருந்து மாற்றுவது போன்றது அது. ஊசியை இழுத்தெடுத்துக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டினோம். நேரான ஊசி ஓசையின்றி உருளும். வளைந்தது தட்டித் தட்டி உருளும். அது தட்டியது. பெட்டியில் மாற்று ஊசி இருந்தது.

ஊசிகளுக்கு எண்ணெய் பூசலாமா என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான்; கிணற்றுக் கப்பிக்கும் துவிச்சக்கர வண்டிச் சங்கிலிக்கும் நாம் பூசுகிறோம். ஆனால் இங்கே பூசினால் எங்கள் செம்மண் புழுதி எண்ணெயோடு குழைந்து, அரத்தைப்போலத் துளையை அராவத் தொடங்கிவிடும். ஆகவே உலர்ந்த தூரிகையே போதும். பழைய பற்றூரிகையாலும், துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பினாலும் நாள்தோறும் மண் நீக்கினோம். ஒருநாள் மணற்காட்டுக்குப் போய் மணற்குன்றுகளில் ஓட்டினோம். வீடு திரும்பியதும் சில்லுகளின் குண்டுப் பெயாரிங்குகளைக் கழற்றித் துடைத்தான். கடலோரத்து உப்பு ஓரிரவிலேயே உருக்கிற் கறையை உண்டாக்கிவிடும். இவை எவற்றையும் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரும்பாலானவற்றை அவனே செய்தான். அவன் விரல்கள் திருப்புளியைப் பிடித்த விதம் தமையனாருடையது.

வண்டியின் துள்ளல் மட்டும் நிற்கவில்லை.

கருவிப் பெட்டியின் அடியில், எண்ணெய்ப் போத்தல்களுக்குக் கீழே, நீல மட்டைக் கொப்பி ஒன்று கிடந்தது. அது தமையனாரின் எழுத்து. பந்தயத்துக்குப் பந்தயம் திகதியிட்டு, வண்டியை எவ்வாறு திருத்தினார் என்பதைத் தமிழிற் குறித்து வைத்திருந்தார். மகன் அதைப் பலமுறை புரட்டியிருக்கிறான். இலக்கங்களை மட்டும் விளங்கிக்கொண்டிருக்கிறான். திண்ணையில் இருந்து நான் வாசிக்கத் தொடங்கினேன்.

"முன் 400, பின் 350. உயரம் 22. தரை ஈரம். வால் ஆட்டுது."

400, 350 என்பவை எண்ணெயின் பிசுக்குமையைக் குறிக்கும் இலக்கங்கள். அந்த அளவையில் தண்ணீர் ஏறத்தாழ 1. எனவே எவ்வளவு தடிப்பான எண்ணெய் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். 22 என்பது தரையிலிருந்து வண்டியின் அடித்தட்டு நிற்கும் உயரம், மில்லிமீற்றரில். வால் ஆட்டுவது என்றால் வளைவிற் பின்பக்கம் வெளியே வீசுவது. இவ்வாறு பக்கம் பக்கமாகப் போயிற்று. வெயில் 30 பாகை என்று ஓரிடத்திற் குறித்து, எண்ணெயில் 50 கூட்டியதாக எழுதியிருந்தார். சூடேற எண்ணெய் இளகும். ஆகவே தடித்ததை விடவேண்டும். இதை எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாரோ, கைப்பட அறிந்துதான் எழுதினாரோ!

நான்காம் பக்கத்தில் இவ்வாறு இருந்தது: "எண்ணெய் கறுத்திட்டுது. நாலுக்கும் மாத்தினன்."

"திரும்பவும் வாசியுங்கோ, சித்தப்பா."

திரும்பவும் வாசித்தேன். அவன் கொப்பியை வாங்கி, அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பலானான். எழுத்துத் தெரியாவிட்டாலும் "மாத்தினன்" என்ற சொல்லின் உருவத்தை அவன் பிடித்துக்கொண்டான். ஐயமான இடங்களில் மட்டும் என்னிடம் காட்டினான். மூன்று பருவங்களிற் பதினொரு தரம்.

"பதினொரு தரம் ஊத்திப் போட்டு, புதுசு விட்டவர்" என்றான். என்னிடம் சொன்னானோ தனக்கே சொன்னானோ தெரியாது.

மறுநாட் காலையில் நான் தோட்டத்திலிருந்து திரும்பியபோது, திண்ணையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து நான்கு சொக் அப்சோபர்களையும் வரிசையாகக் கிடத்தியிருந்தான். "கிண்ணம் ஒண்டு தாங்கோ" என்றான். அண்ணியார் உள்ளேயிருந்து ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையிற் சாய்ந்து நின்றுகொண்டார். மூடிகளைத் திருகிக் கவிழ்த்தான். நான்கிலும் சேர்த்து ஒரு மேசைக்கரண்டி அளவும் தேறவில்லை. தெளிவாக இருந்திருக்க வேண்டிய எண்ணெய், உலோகத் தேய்மானம் கலந்து சாம்பல் நிறமாகியிருந்தது. சற்று நேரம் அதைப் பார்த்தான். பின்னர் கோப்பையைத் தாயின் கையிற் கொடுத்துவிட்டுத் தண்டுகளைத் துடைக்கத் தொடங்கினான்.

தண்டு உள்ளே புகும் வாயிலில் இரண்டு சிறிய றப்பர் வளையங்கள் உண்டு. கசிவுக்குக் காரணம் அவையே. இரண்டு ஆண்டுகள் அசையாமல் இருந்ததில் விறைத்துப் போயிருந்தன. புதியவை பெட்டியில் இருந்தன. பூட்டுமுன் ஒரு துளி எண்ணெயில் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த வளையத்தைத் தண்டின் திருகுப்புரி கிழித்துவிடும். பிறகு குழாயை நிமிர்த்திப் பிடித்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை எண்ணெய் விட்டு, தண்டை மிக மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். தட்டின் அடியிற் சிக்கிய காற்று முத்து முத்தாக மேலே வரும். இந்த இடத்தில் அவசரம் கூடாது. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். உள்ளே காற்று நின்றுவிட்டால், சில்லு அசையத் தொடங்கும் முதற் கணத்திற் சொக் அப்சோபர் வேலை செய்யாது. நான்கையும் ஒரு சிரட்டை மணலிற் குத்தி நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தோம். குமிழிகள் அடங்கியபின் மேலே மெல்லிய றப்பர்ச் சவ்வை வைத்து மூடினான். தண்டு உட்புகும்போது அதற்கு இடம்விட எண்ணெய்க்கு எங்காவது ஒதுங்க வேண்டுமல்லவா? அச்சவ்வு வளைந்து அந்த இடத்தைக் கொடுக்கிறது. கடைசியாக இடதையும் வலதையும் முனையோடு முனை பொருத்தி ஒருங்கே அமுக்கினான். இரண்டும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும். ஒன்று முந்தியது. மறுபடி திறந்தான்.

எந்த எண்ணெய் விடுவது என்பதில் எங்களுக்குள் வாதம் நடந்தது. ஆவணி வெயிலில் எங்கள் முற்றம் 33 பாகைக்குக் குறையாது. கொப்பியிலுள்ள கணக்கின்படி 50 கூட்டி, முன்னுக்கு 450, பின்னுக்கு 400 என்று முடிவு செய்தோம். மேலும் கூட்டலாம் என்பது அவன் கட்சி. தடிப்பு மிகுந்தாற் சில்லு மேட்டில் ஏறியபின் இறங்கி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாக அமிழ்ந்துபோகும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கைவிடக் கொப்பியே அவனைச் சம்மதிக்க வைத்தது.

உயரம் பார்ப்பதற்கு வண்டியை ஓர் அடி உயரத்திலிருந்து நேராகக் கீழே போட வேண்டும். அது தானாக அமர்ந்து நிற்கும் நிலையே உண்மையான உயரம். 19 மில்லிமீற்றர்தான் இருந்தது. வில்லின் தலையிலுள்ள வளையத்தைத் திருகி 22 ஆக்கினோம். இவ்வளையத்தை இறுக்கினால் வில் கடினமாகும் என்பது பரவலான எண்ணம். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்கள் பலர் அப்படியே நம்புகின்றனர். றொபேட் ஹூக் 1678 இல் வெளியிட்ட விதி அதற்கு இடந்தராது. பாரத்துக்கேற்ப வில் சுருங்கும் வீதம் வில்லின் கம்பியையும் சுற்றுகளையும் பொறுத்தது. வளையம் வில் உட்காரும் ஆசனத்தை மட்டுமே இடம் மாற்றுகிறது. வண்டி உயரும், வில் கடினமாகாது. கடினமான வில் வேண்டுமாயின் வேறு வில்தான் போடவேண்டும்.

பின்னேரம் வெயில் தணிந்தபின் ஓட்டினான். வரம்பிலிருந்து பாய்ந்த வண்டி ஒருமுறை அமிழ்ந்து, நிமிர்ந்து, அப்படியே வளைவைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அவன் வாய் திறக்கவில்லை. பற்றரி இறங்கும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தான். இருட்டியபின் கொப்பியைக் கொண்டுவந்து, அடுத்த வெற்றுப் பக்கத்தை என்முன் நீட்டினான். "நீயே எழுது" என்றேன். திகதியையும் இலக்கங்களையும் எழுதினான். பிறகு நான்காம் பக்கத்தைத் திறந்து வைத்து, தகப்பனாரின் வரியைப் பார்த்துப் பார்த்து, படம் வரைவதுபோல் ஒவ்வோர் எழுத்தாகப் பெயர்த்தான். அதற்கு அரை மணித்தியாலம் சென்றது.

திவசம் முடிந்து, ஆவணி நடுவில் அவர்கள் புறப்பட்டனர். வண்டியும் போயிற்று.

மார்கழியில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். அங்கே குளிர், பந்தயம் மண்டபத்துக்குள். எங்கள் முற்றத்துக்கென்று விட்ட எண்ணெய் அங்கே மிகவும் தடித்துவிட்டதாம். தானே நான்கையும் திறந்து மாற்றிவிட்டதாக, சாதாரண விடயம் போலச் சொன்னான். இப்போது வேறொரு தொல்லை: சுக்கானை முழுவதும் திருப்பினாலும் வண்டி நேராகவே போகிறது. கொப்பியில் அதைப் பற்றி இருக்கும் என்று தேடியதில், விளங்காத ஒரு வரி கண்ணிற் பட்டதாம். பக்கத்தைத் தொலைபேசியின் முன் பிடித்தான்.

"முன்பக்கம் சொல்வழி கேக்குதில்லை" என்று வாசித்தேன்.

"அப்பிடியெண்டால் என்ன?"

"சின்னப் பிள்ளையள் சொன்னதைக் கேளாமல் தன்பாட்டிலை போனால் அப்பிடிச் சொல்லுவம். உன்ரை கொப்பாவை உன்ரை அப்பம்மா நெடுக அப்பிடித்தான் ஏசுறவ."

சிரித்தான். அவன் சிரித்ததை நான் கேட்டது அதுவே முதல் தடவை. "அப்ப இதுதான் சித்தப்பா, இதேதான். கீழை என்ன கிடக்கு?"

"முன் வில்லு மெல்லிசு போட்டன். நல்லம்."

தொலைபேசியை மேசையிற் சாய்த்து வைத்துவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். கருவிப் பெட்டிக்குள் வில்லுகளைக் கிண்டித் தேடும் ஓசை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.